ஸ்ட்ரா சொன்ன சாட்சி

"செருப்பைக் கழட்டியாச்சு. இனிமே காலையும் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டா ஏறணும்?" என்று மாடிப்படியின் நடுவில் நின்று கத்தினார் மாடிக்காரர்.

"ஏறுங்க சார், வேண்டாங்கல. பூனை மாதிரி ஏறுங்க. நீங்க ஒரு அடி வெச்சா உள்ள என் தராசு ஊஞ்சலாடுது" என்று கீழே இடுப்பில் கை வைத்து நின்றாள் கீழ்வீட்டுக் கடைக்குட்டி.

மாடிக்காரர் கல்யாணமாகாத இளைஞர், பரம சாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்தும் வேலை. குடிவந்த நாளிலிருந்து அவர் குரல் எப்படியிருக்கும் என்றே தெருவுக்குத் தெரியாது. அவரையே கத்த வைத்துவிட்டாள் என்றதும் எதிர்வீட்டு ஜன்னல் சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, தண்ணீர் தன் மேல்பரப்பில் ஒரு கம்பி வளையத்தை எவ்வளவு விசையோடு பிடித்து இழுக்கிறது என்று அளந்து காட்டப் போவதாகக் கடைக்குட்டி சொன்னாள். அதற்கெல்லாம் ஆய்வகத் தராசு வேண்டும், அது பூட்டின அலமாரிக்குள் இருக்கிறது, நீ பேசாமல் எல்லோரையும் போல எரிமலை செய் என்றார் அறிவியல் டீச்சர். பூட்டிவைத்த தராசை நம்பி நான் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதுவும் டீச்சரின் முகத்துக்கு நேராக.

வீட்டில் அப்பா தன் பங்குக்கு ஒரு குண்டு போட்டார். கண்காட்சியில் சொதப்பினால் அடுத்த வருடம் அறிவியல் பிரிவு என்ற பேச்சே கூடாது, வணிகவியல் படித்துவிட்டுத் தன் காகிதக் கடைக் கல்லாவில் வந்து உட்கார வேண்டும்.

"சரி. ஜெயிச்சா கல்லாப் பேச்சை நீங்க எடுக்கக் கூடாது" என்றாள் மகள்.

தராசு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா ஒன்று. அதன் நடுவில் குறுக்கே ஒரு ஊசி. ஊசியின் இரு முனைகளையும் தாங்க இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஸ்ட்ராவின் ஒரு நுனியில் தொங்கும் வளையம் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மறு நுனியில், வளையம் பிய்த்துக்கொண்டு மேலே வரும்வரை காகிதத் துணுக்குகளை வைக்க வேண்டும். அப்பா கடையில் ஒரு கட்டுக் காகிதத்தை நிறுத்து, கணக்குப் போட்டு, கட்டம் கட்டமாக வெட்டி எடைக்கல் செய்திருந்தாள். தும்மினால் பறந்துவிடுகிற எடைக்கல்.

அதனால் கூடத்தில் மின்விசிறி நிறுத்தப்பட்டது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அம்மா சமையலறைக்கு நாடு கடத்தப்பட்டாள். முழங்கால் வலியால் சாய்வு நாற்காலியை விட்டு எழ முடியாத பெரியப்பாவுக்கு மட்டும், சிலை மாதிரி இருப்பதென்றால் இருக்கலாம் என்று சலுகை. பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் அக்காள் உதவியாளர். பெரியப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஸ்ட்ராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், மாடிக்காரர் வேலை முடிந்து படியேறும்போதெல்லாம் ஸ்ட்ரா ஆடியது. காலடி கேட்டதும் கடைக்குட்டி வாசலுக்கு ஓடுவாள், அவரை அதட்டி மேலே அனுப்புவாள், திரும்பி வந்தால் துணுக்குகள் சிதறிக் கிடக்கும்.

செருப்பைக் கழற்றச் சொன்னாள். அதிகமாக ஆடியது. கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு படியாக நிதானித்து ஏறச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இன்னும் அதிகம். படி முழுக்கப் பழைய மெத்தையை விரித்தாள். மனிதர் வழுக்கிக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்ச் சேர்வதற்குள், உள்ளே ஸ்ட்ரா ஊசியோடு கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது.

எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டு டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"மெதுவா நடந்தா அதிகமா ஆடுதா? இது இயற்கைக்கே அடுக்காது. எரிமலைக்கு இன்னும் நேரமிருக்கு."

"இயற்கைக்கு அடுக்குதா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர். அளந்தது அளந்ததுதான்."

வீட்டில் அம்மா அந்த வரைபடத்தைக் கரண்டியும் கையுமாக வெகுநேரம் பார்த்தாள். மூத்தவள் வந்த வரனையெல்லாம் தட்டிக்கழிப்பது ஏன் என்று ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தவள் அவள்.

"அடியே, இது காலடி இல்லடி. மூச்சு" என்றாள். "அந்தப் பிள்ளை நம்ம வாசலைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்குதோ, உங்கக்கா அவ்வளவு பெருமூச்சு விடுறா."

அக்காள் துள்ளி எழுந்தாள். "நானா? அவர் மூஞ்சியைக்கூட நான் சரியாப் பாத்ததில்ல."

கடைக்குட்டி யார் பேச்சையும் நம்புகிற ரகமில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். அன்று அக்காளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு ஸ்ட்ராவின் முன் தானே உட்கார்ந்தாள். காலடி கேட்டது. எழுந்து ஓடத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டாள். செருப்போடு தடதடவென்று ஏறிப் போனார் மாடிக்காரர். ஸ்ட்ரா இம்மியும் அசையவில்லை.

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அக்காள் இல்லை இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் எடுபடவில்லை. "நீ பொய் சொல்லலாம்க்கா. ஸ்ட்ரா சொல்லாது" என்று முடித்துவிட்டாள் தங்கை.

மெல்ல மெல்ல, அந்த வரைபடத்தை எடுத்து எடுத்துப் பார்த்த அக்காளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனக்குத் தெரியாமல் மூச்சு விட்டிருப்போமோ? அடுத்த நாள் வாசலில் நின்று முதல்முறையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பார்க்கும்படியாகத்தான் இருந்தது. மாடிக்காரரோ, தனக்காக ஒருத்தி இத்தனை மூச்சு விட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும், படியில் விழுந்த வலியெல்லாம் பறந்துபோனவராய் அந்த வரைபடத்தின் பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்காள் எட்டிப் பார்க்காத கூடத்தில் கடைக்குட்டி தண்ணீரின் விசையை அளந்து முடித்தாள். கண்காட்சியில் டீச்சர் பூட்டைத் திறந்து ஆய்வகத் தராசைக் கொண்டுவந்து சரிபார்த்தார். இரண்டும் ஒன்றையே சொன்னன. எரிமலைகள் புகைந்துகொண்டிருக்க, டீச்சரே முதல் பரிசு அட்டையை ஸ்ட்ராவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அப்பா கல்லாப் பேச்சை எடுக்காமல், அறிவியல் பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அக்காளுக்கும் மாடிக்காரருக்கும் கல்யாணம் நடந்தது. அவருக்கு வேறு ஊர்க் கடையில் பதவி உயர்வு கிடைக்க, இருவரும் குடிபெயர்ந்து போனார்கள். சந்தோஷமாக இருப்பதாகத்தான் கேள்வி. மாடியறை காலியாகவே கிடந்தது.

கடைக்குட்டி அடுத்த சோதனைக்காக மறுபடி ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஸ்ட்ராவின் முன் அசையாமல் உட்கார்ந்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பெரியப்பா ஏக்கமாக வாசலைப் பார்த்தார்.

"மாடிக்குச் சீக்கிரமா ஒரு ஆளைப் பிடிம்மா. அந்தப் பிள்ளை இருந்தப்ப, காலடி கேட்டதும் நீ வாசலுக்கு ஓடிடுவே, உங்கக்கா திரும்பியே பாக்க மாட்டா, அவன் ஏறி முடிக்கிற வரைக்கும் நான் பாட்டுக்குத் துண்டை எடுத்து ஆசைதீர விசிறிக்குவேன்."