வடக்கு வீதி முக்கில் நான் காட்டிய கொடி

சிதம்பரம்,
14-2-1949, திங்கட்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ மச்சான் சேதுமாதவன் அவர்களுக்கு, நடனசபாபதி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் உங்கள் அக்காள் சிவகாமியும் க்ஷேமம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நேற்றுப் பகல் பதினொன்றே கால் மணி வரையில் அது உண்மையாகவும் இருந்தது. பிறகு நடந்ததை வரிசை தவறாமல் எழுத முயல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். உங்கள் பிள்ளை ஆனந்தநடராஜனுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை மூன்றாவது பாராவில் எழுதுவதாக இருந்தேன். அதுவரை நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று தோன்றியது.

இந்த வருஷம் மோட்டார் சங்கத்துக் கோப்பையை ஜெயித்தால் அவன் இஷ்டப்படி காரும் எஞ்சினுமாக இருக்கட்டும், தோற்றால் மறுபேச்சில்லாமல் திட்டக்குடியில் குமாஸ்தா வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று செம்மண்டலத்தில் உங்கள் வீட்டில் என்னைச் சாட்சி வைத்துக்கொண்டுதான் பேசி முடித்தீர்கள். வருஷத்தின் மூன்று பந்தயங்களில் முதலாவதைத் திட்டக்குடி பஸ் முதலாளி கொளஞ்சியப்பனும், குறிஞ்சிப்பாடியில் நடந்த இரண்டாவதை நம் பையனும் ஜெயித்திருந்தார்கள். ஆகவே கடலூரில் புறப்பட்டுச் சிதம்பரத்தில் முடிகிற நேற்றைய கடைசிப் பந்தயம்தான் அவன் தலையெழுத்து. அந்தத் தலையெழுத்தை நான் அழித்துவிட்டேனோ என்று பயந்ததைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

கடலூர் ரோடு வந்து சேரும் வடக்கு வீதி முக்கில் கார்கள் திரும்பி, கோயிலைச் சுற்றியுள்ள நாலு தேர் வீதிகளையும் ஒரு தடவை சுற்றி, மறுபடி அதே முக்குக்கு வந்தால் பந்தயம் முடிவு. எந்தப் பக்கம் திரும்புவது என்று கொடி காட்ட, முப்பத்தொரு வருஷம் சர்வே இலாகாவில் திசை பார்த்தவன் என்பதற்காக, சங்கத்துக் காரியதரிசி ராஜமாணிக்கம் என்னை நியமித்தார். அவர் கடலூரில் மேஜையில் ஊர்ப் படத்தை விரித்துக் கோடு போட்டவர். முக்கிலிருந்து மேற்கே திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை நான் மூன்று தடவை பார்த்து எழுதி, ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உங்கள் அக்காள் அதை வாங்கிப் பார்த்தாள்.

"மேக்கால திரும்புனா கோயிலு இடது கைப் பக்கமா வருது? சாமியை எடஞ்சுத்தாச் சுத்தறதுக்கு ஒரு பந்தயம், அதுக்கு நீங்க கொடி! வெளங்குனாப்பலதான்!"

இந்த வார்த்தை இரவெல்லாம் என் மனத்தை அறுத்தது. அறுபத்திரண்டு வருஷமாக வலமாகவே நடந்த கால்கள் அல்லவா?

புறப்பட்ட ஐந்து கார்களில் மூன்று ஆலப்பாக்கத்திலும் புதுச்சத்திரத்திலும் நின்றுபோயின என்று தகவல் வந்தது. யுத்தத்து ஜீப்பை அறுத்து உங்கள் பிள்ளை கட்டிய சிவப்புக் கார்தான் முதலில் வந்தது. மச்சான், அது வந்த சத்தம் இருக்கிறதே, வானத்தைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. நான் கொடியை நீட்டினேன். நீட்டியவன் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் சிவப்புக் கார் கிழக்கே போகிறது! கொடியைப் பார்த்துத்தான் கார் திரும்பும். கார் கிழக்கே போயிற்று. ஆகவே என் கொடி கிழக்கேதான் காட்டியிருக்க வேண்டும். வேறு விதமாக யோசிக்க இடமே இல்லை. நான் மரம் மாதிரி நிற்கும்போதே கொளஞ்சியப்பனின் கறுப்புக் கார் வந்து மேற்கே திரும்பிப் போயிற்று. ஒருவன் கிழக்கே, ஒருவன் மேற்கே, நடுவில் கோயில். இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கணக்குப் போட எனக்கா தெரியாது? வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெற்கு வீதிக்கு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் தைலம்மாள் பூக்கடைக்கு எதிரே இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு உரச ஒரு சாண் இடைவெளியில் நிற்கின்றன. தைலம்மாள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

"யோவ், வண்டியப் பின்னால எடுய்யா! மேப்பைப் பாத்தியா இல்லியா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"நான் ஏன் எடுக்கணும்? நான் வலமா வரேன். நீர்தான் எதுக்க வறீரு!" என்றான் நம் பையன்.

கூட்டம் உடனே இரண்டாகப் பிரிந்தது. "வலமா வர்ற புள்ளைய மறிக்கிறியே, ஒனக்கு எத்தினி பஸ்ஸு ஓடி என்ன பிரயோசனம்?" என்று தைலம்மாள் கூடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள். இருவரும் பின்வாங்கவில்லை. பந்தயம் அங்கேயே நின்றது.

மாலையில் விசாரணை. கொடி காட்டிய திசையே வழி, அதை மீறியவர் தோற்றவர் என்று காரியதரிசி விதியை வாசித்தார். "நீங்க எந்தப் பக்கம் காட்டுனீங்க?" என்று என்னைக் கேட்டார். என் வாழ்நாளில் சபையில் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. "கிழக்கே காட்டிவிட்டேன். தப்பு என்னுடையது. பையனைத் தண்டிக்கக் கூடாது" என்றேன்.

"நான் வந்தப்போ மேக்கதான்யா காட்டுனாரு! மச்சான் புள்ளைக்காவப் பொய் சொல்றாரு!" என்று கொளஞ்சியப்பன் குதித்தார்.

"தன் தப்பைத் தானே ஒத்துக்கிறவரு எதுக்குங்க பொய் சொல்லணும்? சர்வே இலாகாவுல இருந்தவரு!" என்றார் காரியதரிசி. கோப்பை நம் பையனுக்கு என்று தீர்ப்பு. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே வாங்கினான். மாமாவுக்குச் சபையில் தலைகுனிவு வந்ததே என்ற வருத்தம் அவனுக்கு. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர் நீங்கள்.

ஆகையால் என் பிழையைப் பொறுத்து, கொடுத்த வாக்கின்படி அவனை மோட்டார் தொழிலிலேயே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். திட்டக்குடி வேலைக்கு வந்த உத்தரவை இந்தக் கடிதம் கண்டதும் கிழித்துவிடலாம். தங்கைக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும் உண்டாகச் சபாபதியை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நடனசபாபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் சமயம், நேற்று முக்கில் நின்று பந்தயத்தைப் படம் பிடித்த போட்டோ ஸ்டூடியோக்காரர் வந்து, "உங்க படம் ஜோரா வந்திருக்குங்க" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். என் கையும் கொடியும் நூல் பிடித்தாற்போல் மேற்கே நீண்டிருக்கின்றன. எனக்குப் பின்னால் சிவப்புக் கார் கிழக்கே போகிறது. நேற்றிலிருந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கோபுரத்தைப் பாத்ததும் கை தானா வலமாத் திருப்பிடுச்சு மாமா. நான் ஒத்துக்கலாம்னு எழுந்திரிக்கறதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க" என்கிறான். உங்கள் அக்காள் அவனுக்குத் திருஷ்டி கழிக்கிறாள். இதே படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டப் போவதாக ஸ்டூடியோக்காரர் சொன்னார். கொளஞ்சியப்பனின் பஸ் நிற்பது அந்த வாசலில்தான். அதற்கு முன் நானே படத்துடன் காரியதரிசியிடம் போகிறேன். கோப்பையையும் எடுத்துப் போகிறேன். மேலே எழுதியதில் நமஸ்காரத்தையும் ஆசீர்வாதத்தையும் மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடவும். திட்டக்குடியில் எந்தத் தேதிக்குள் வேலையில் சேர வேண்டும் என்பதை மறுதபாலில் தெரிவிக்கவும்.