வயர் தெரியாத வீடு

ஒரு வீட்டில் நெட் மெதுவாக வருகிறது என்றால், அதற்கு யார் பொறுப்பு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். சரிசெய்வதெல்லாம் அப்புறம்தான். நான் கண்காணிப்பாளராக இருக்கும் அலுவலகத்தின் கொள்கை இது. பொதுமக்களின் குறைகளைக் கேட்டு, ஆராய்ந்து, உரிய முறையில் ஆறப்போடுவது எங்கள் பிரிவின் பணி. இந்தப் பணியில்தான் எனக்குத் தலை நரைத்தது. எங்களிடம் வந்த எந்தக் குறையும் வீணாகப் போனதில்லை. எல்லாம் வந்தது வந்தபடி பத்திரமாக இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட என் வீட்டிலேயே நெட் படுத்துவிட்டது.

என் மனைவி வீட்டிலிருந்தபடியே தையல் வகுப்பு எடுக்கிறாள். முன்னறையில் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, துணியை விரித்து, வெட்டிக் காட்டுவாள். எங்கெங்கோ இருக்கிற பெண்கள் அதைப் பார்த்து அவரவர் துணியை வெட்டுவார்கள். படம் ஓடுகிறவரை பிரமாதமான ஏற்பாடு. படம் நின்றால் போச்சு. "இதோட நிறுத்துங்க" என்று இவள் இங்கே கத்துவது அங்கே போய்ச் சேராது. கத்தரிக்கோல் துணிக்குள் இறங்கும் காட்சியோடு படம் நின்றிருக்கும். அவர்களும் டீச்சர் இன்னும் வெட்டுகிறார் என்று நம்பி வெட்டிக்கொண்டே போவார்கள். போன வாரம் சட்டைக் கழுத்து வகுப்பில் அத்தனை பேர் சட்டையிலும் கழுத்து தொப்புள்வரை இறங்கிவிட்டது.

"ஒரு பொண்ணு வீட்டுக்காரருக்குன்னு ஆசையா வாங்கின துணிங்க. வெட்டிட்டு அழறா. நான் என்ன பதில் சொல்றது?" என்றாள் மனைவி.

"பரிசீலனையில் இருக்குன்னு சொல்லு."

அவள் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

விஷயம் அதோடு போகவில்லை. பெரிய தையல் பயிற்சி நிலையம் ஒன்று அவளை ஆசிரியராக எடுப்பதாக இருந்தது. மாதிரி வகுப்பு சனிக்கிழமை. நிலையத்தின் முதல்வர் அம்மாவே உட்கார்ந்து பார்ப்பாராம்.

"இத்தனை நாளா பொத்தான் தைக்கிறதும் கிழிஞ்சது ஒட்டுப்போடுறதுமா காலம் போச்சு. நானும் ஒரு டீச்சர்னு சொல்லிக்க இது ஒண்ணுதாங்க வாய்ப்பு. சனிக்கிழமைக்குள்ள நெட் சரியாகணும். ஆகலைன்னா இந்த வீட்டுல நான் இருக்கேன் இல்லே நெட் இருக்கு."

உடனே விசாரணைக் குழு அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினரும் நானே. முதல் சாட்சியாகக் கல்லூரியில் படிக்கும் மகளை அழைத்தேன். எங்கள் வழக்கப்படி முதல் சாட்சிதான் முதல் குற்றவாளியும்.

"எந்நேரமும் போனும் கையுமா இருக்கியே, வீட்டு நெட்டை எவ்வளவு தின்கிறே?"

"எங்கே இருக்குப்பா, தின்கிறதுக்கு? நான் பக்கத்து வீட்டு நெட்லதான் படிக்கிறேன்."

"அனுமதி வாங்கினியா?"

"பாஸ்வேர்டே வாங்கிட்டேன்."

மறு உத்தரவு வரும்வரை வீட்டு நெட்டிலிருந்து அவளை நீக்கிவைத்தேன்.

"நான்தான் அதுல இல்லவே இல்லையே!"

"இல்லாதவங்களை நீக்கினாதான் எதிர்ப்பு வராது," என்று அனுபவத்தில் கண்டதைச் சொன்னேன்.

இந்த இடத்தில் எங்கள் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சமீபத்தில் வீட்டைப் புதுப்பித்தான். இப்போதைய நாகரிகப்படி ஒரு வீட்டில் என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது. அவன் வீட்டு டிவி ஒரு கதவுக்குப் பின்னால். ஃபிரிட்ஜ் அலமாரி மாதிரி. குளியலறைக் கதவு சுவரோடு சுவராக இருக்கும். அவசரத்துக்குப் போன நான் மூன்று பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மானத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

"வயர் கண்ணுல பட்டாலே மனசு கலங்கிடும் மாமா. இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான்," என்றான்.

அதுவரை என் மனசு எந்த வயராலும் கலங்கியதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். முன்னறைச் சுவரில் ரவுட்டர், மல்லாந்த கரப்பான் மாதிரி கொம்புகளைத் தூக்கிக்கொண்டு கண் சிமிட்டியது. பார்த்ததும் கலங்கிவிட்டது. தவிர, விலையுள்ள சாதனங்களைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் நிலையான உத்தரவு. நாகரிகமும் உத்தரவும் ஒரே திசையில் கை காட்டினால் சும்மா இருக்க முடியுமா? வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்து, பக்கத்து அறையில் இருக்கும் இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டேன். வயர்களை அதன் வழியாக விட்டு, ரவுட்டரை உள்ளே வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மச்சான் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரவுட்டர் எங்கே மாமா?" என்று கேட்டான். பதவி உயர்வு வந்த அன்றுகூட நான் அப்படிப் பூரித்ததில்லை.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் நெட் மெதுவானது. இதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் விசாரணை அதிகாரியே போட்ட உத்தரவு விசாரணை வரம்புக்குள் வராது. வந்தால் எந்த அலுவலகமும் நடக்காது.

மகளை நீக்கியும் நெட் தேறவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, சங்கீதத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. நீண்ட நேரம் கேட்டேன். எனக்குக் கோபமே வரவில்லை, பொறாமைதான் வந்தது. நாங்கள் வெறும் பெஞ்சில் உட்கார வைக்கிறோம். இவர்கள் பாட்டுப் பாடி உட்கார வைக்கிறார்கள்.

கடைசியில் ஒரு பெண் லைனில் வந்தாள்.

"ரவுட்டர்ல பச்சை விளக்கு எரியுதா சார்?"

பீரோவைத் திறந்து பார்த்தேன். "எரியுதும்மா."

"ஒரு தடவை அணைச்சுப் போடுங்க சார். இப்போ படம் ஓட்டிப் பாருங்க."

பீரோ முன்னால் நின்றபடியே ஓட்டிப் பார்த்தேன். தண்ணீராக ஓடியது. "ஓடுது!"

"உங்கள் குறை தீர்க்கப்பட்டது சார். நன்றி."

மனம் குளிர்ந்து பீரோவைப் பூட்டினேன். முன்னறைக்கு வந்தால், படம் நின்று திரையில் சக்கரம் சுற்றுகிறது. திரும்பவும் போன். திரும்பவும் பச்சை விளக்கு. பீரோவைத் திறந்தால் ஓடுகிறது, குறை தீர்கிறது, பூட்டினால் சுற்றுகிறது. இப்படிப் பலமுறை ஆன பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நெட்டுக்குப் பயம் இருக்கிறது. கம்பெனி போனில் இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. போனை வைத்ததும் சோம்பல் வந்துவிடுகிறது. பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தால் நாங்கள் இருப்பதும் அப்படித்தானே? குற்றம் சொல்ல என் மனசாட்சி இடம் தரவில்லை.

மனைவியின் மனசாட்சி வேறு மாதிரி. அவள் போட்ட சத்தத்தில் லைன்மேனை நேரில் வரவழைத்தேன். வந்தவர் வாசலிலேயே நின்று, வயரில் ஏதோ கருவியை மாட்டிப் பார்த்தார்.

"சூப்பரா வருது சார்."

"வீட்டுக்குள்ள வரலையே."

"வாசல் வரைக்கும்தான் எங்க பொறுப்பு. உள்ள வந்து மெதுவாகுதுன்னா அது உங்க குடும்ப விஷயம் சார்."

"ஒரு எட்டு உள்ள வந்து பாருங்களேன்."

"அதுக்கு வேற ஆளு. அவரு லீவு." கொஞ்சம் யோசித்தார். மனிதர் இரக்கமில்லாதவர் இல்லை. "அவசரம்னா அம்மாவை வாசப்படியில உட்கார்ந்து வகுப்பெடுக்கச் சொல்லுங்க சார்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இவ்வளவு நல்ல கை இப்படி வெயிலில் அலைகிறதே! எங்கள் பிரிவில் ஒரு இடம் காலி என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை வந்தது. நான் லீவு போட்டுவிட்டு, இடுப்பில் சாவியும் முகத்தில் கவலையுமாக உலாத்தினேன். மனைவி நல்ல உடை உடுத்தி, துணியை விரித்து, வணக்கம் சொன்னாள். வணக்கத்துக்குக் கூப்பிய கையோடு அங்கே படம் நின்றுவிட்டதாம். "டீச்சர், கும்பிட்டுக்கிட்டே இருக்கீங்க டீச்சர்" என்று ஒரு குரல் விட்டு விட்டுக் கேட்டது. முதல்வர் அம்மா வாட்சைப் பார்த்தார். மனைவியின் முகம் சின்னதாகிப் போனது. இந்தக் கத்தரிக்கோல் கனமாக இருக்கிறது என்று எழுந்து என்னிடம் வந்தாள்.

"பீரோ சாவியைக் குடுங்க. சின்னக் கத்தரிக்கோல் உள்ள இருக்கு."

திறந்தாள். முன்னறையிலிருந்து குரல்கள் கணீரென்று கிளம்பின. "டீச்சர், இப்போ பளிச்சுனு தெரியுது! டீச்சர் எங்கே போனீங்க?"

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மூடினாள். குரல்கள் செத்தன. நின்றாள். திறந்தாள். "டீச்சர், டீச்சர்!" மூடினாள். அமைதி. மறுபடியும் திறந்து, உள்ளே பச்சையாகக் கண் சிமிட்டிய பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க. இதை இரும்புக்குள்ள போட்டுப் பூட்டினது யாரு?"

"அது ஒரு கூட்டு முடிவு."

"யார் யாரு கூட்டு?"

"நானும்... குழுவும்."

"குழுவைத் தனியாக் கவனிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, பெட்டியை வயரோடு உருவிக்கொண்டு போய், முன்னறையில் தன் இருக்கைக்குப் பின்னால் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். வயர் கொடி மாதிரி தொங்கியது. வகுப்பு ஆரம்பமானது.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் வேலையை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. துணியை அவள் விரலால் நீவினால் துணி சொன்னபடி படுத்தது. கத்தரிக்கோல் வளைவில் தயங்காமல் திரும்பியது. "இதோட நிறுத்துங்க" என்றாள். திரையில் அத்தனை கட்டங்களிலும் கத்தரிக்கோல்கள் சட்டென்று நின்றன. நான் எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறேன், ஒன்றுகூட அப்படி ஒரே நேரத்தில் நிறைவேறியதில்லை.

"அருமை," என்றார் முதல்வர் அம்மா. "நூலைக்கூட எண்ண முடியுது. உங்களை எடுத்துக்கறோம். ஒரே ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க மேடம்."

"பின்னாடி ஏதோ பெட்டி தொங்குது. வயர் வேற. எங்க நிலையத்துக்குன்னு ஒரு தோற்றம் இருக்கு. ஆசிரியர் பின்னாடி வெறும் வெள்ளைச் சுவர்தான் இருக்கணும். அதை எங்கேயாவது உள்ள வெச்சுடுங்க."

"மேடம், உள்ள வெச்சா படம் நின்னுடுது."

"நிக்கட்டுமே. நிக்கிற படம் பார்க்க அழகா இருக்கணும், அவ்வளவுதான்."

"பக்கத்துச் சுவர்ல மாட்டிக்கட்டுமா மேடம்? உங்க கண்ணுக்குப் படாது."

"போனைச் சுத்திக் காட்டச் சொல்லி வீடு முழுக்க அடிக்கடி ஆய்வு பண்ணுவோம். வயர், கலைஞ்ச படுக்கை, திறந்த அலமாரி எதுவும் ஆகாது. விதிமுறை."

மனைவி போனை அணைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது எங்கள் தொழிலில் பாதி. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றுகூட மனசுக்குள் கொஞ்சம் ஆசையாக இருந்தது.

"ஏங்க," என்றாள் கடைசியில், "பீரோவுல கொஞ்சம் இடம் பண்ணுங்க."

என் உத்தரவு செல்லும் என்று ஒரு பெரிய நிலையமே ஒப்புக்கொண்ட நாள் அது. ஏனோ எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. பெட்டியை வைத்துப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டம். மனைவி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திரை நிறையக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர், சுவருக்கு முன்னால் அசையாமல் ஒரு ஆசிரியர். முதல்வர் அம்மா ஏதோ முக்கியமாக ஆரம்பித்தார். "இனிமேல் ஆசிரியர்கள் எல்லாரும்..." என்று திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவர் வீட்டிலும் ஒரு பீரோ இருக்கும்போலிருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை. அத்தனை பேரும் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். யார் நெட்டால் நிற்கிறார்கள், யார் மரியாதையால் நிற்கிறார்கள் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெகுநேரம் கழித்து வாய் அசைந்தது. "...ஆக, எல்லாருக்கும் சம்மதம்தானே?"

ஒரு கட்டத்தில் ஒரு தலை ஆடியது. அதைப் பார்த்து இன்னொரு கட்டத்தில் இன்னொன்று. என் மனைவியும் ஆட்டினாள்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. வகுப்பின்போது படம் நின்று, மாணவிகள் தவறாக வெட்டி வீணாகும் துணிக்கெல்லாம் அந்தந்த ஆசிரியரே பொறுப்பு என்றும், கூட்டத்தில் இது ஏகமனதாக நிறைவேறியது என்றும் அதில் இருந்தது. மனைவி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"நான் எப்பங்க இதுக்குச் சம்மதிச்சேன்?"

"நேத்துதான். நீ தலையாட்டினதை நான் பார்த்தேனே."

"என்ன சொன்னாங்கன்னே கேட்கலைங்க. மத்தவங்க எல்லாம் ஆட்டினாங்க, அதான் நானும் ஆட்டினேன்."

"அவங்களும் அதனாலதாம்மா ஆட்டியிருப்பாங்க," என்றேன்.