மலைக்கு அந்தப் பக்கம்

தினமும் கண்ணில் படுகிற ஒன்றை நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்வது மனித சுபாவம். பொதிகை மலை விஷயத்தில் நான் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். (பிற்பாடு மனைவி விஷயத்திலும். ஆனால் இது மலையைப் பற்றிய கட்டுரை. அதோடு, எழுதியதை அவள் படித்துப் பார்ப்பாள்.)

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி, அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பூகோள வாத்தியாராக இருந்தேன். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பொதிகை. மற்ற வாத்தியார்கள் தேசப்படத்தை மாட்டிப் பாடம் நடத்தினார்கள் என்றால், நான் ஜன்னலைத் திறந்துவிட்டு நடத்தினேன். மாசவாரியாக மலையின் லட்சணம் எனக்கு மனப்பாடம். தை, மாசியில் நீலமாக, துடைத்து வைத்த மாதிரி நிற்கும். பங்குனி, சித்திரையில் புகைமூட்டம். அந்தியில் சரிவுப் புல்லில் காட்டுத் தீ சிவப்புக் கோடாக ஓடும். ஆனி, ஆடியில் சாரல், நாள்கணக்கில் மலையே காணாது. ஆவணி பிறந்ததும் குளித்து எழுந்தது போல் பளிச்சென்று வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பாறையெல்லாம் வெள்ளை வெள்ளையாக அருவி இறங்கும். மார்கழியில் காலை மூட்டம்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு போதகர் வைத்திருந்த படப் புத்தகத்தில், காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு உறைபனிச் சரிவில் வழுக்கிப் போகும் மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அதையும் பையன்களுக்கு விவரமாகச் சொல்லி, நம் மலையில் உறைபனி கிடையாது, ஆகவே இங்கே எவரும் அப்படி வழுக்கிப் போக முடியாது என்று அடித்துச் சொல்லிப் பாடத்தை முடிப்பேன். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எனக்கு இதனால் ஒரு மதிப்பு இருந்தது. பாபநாசத்துக்குப் பயணம் போகிறவர்கள், விறகு வெட்டப் போகிறவர்கள், மாடு பத்திக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும், "வாத்தியாரே, மலை எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். பாணதீர்த்தம் அருவிக்கு மேலே நான் ஒரு அடிகூட வைத்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வீரவநல்லூர் மிராசுதார் சங்கரலிங்கம் பிள்ளையின் ஒரே மகள் கோமதியை எனக்குப் பேசினார்கள். பெண் பார்க்கப் போனேன். பெண் நிலைப்படியில் ஒருக்களித்து நின்றதால் வலது கன்னமும் வலது காதும் மட்டும் தெரிந்தன. அதற்கே எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சம்மதம் என்று ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு தடை இருந்தது. கோமதிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு உயிர் ஊசலாடியபோது, பிழைத்து எழுந்தால் பொதிகை உச்சிக்கே வந்து அகத்திய முனிவருக்குச் சந்தனம் சாத்துகிறேன் என்று பிள்ளை நேர்ந்துகொண்டிருந்தார். அதை முடிக்காமல் பெண்ணைத் தாரை வார்க்க மாட்டார். மாசி மாசம் போகலாம், வைகாசியில் கல்யாணம் என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். அப்போது ஆடி மாசம். வைகாசி எங்கே, ஆடி எங்கே? வலது கன்னத்தைப் பார்த்தவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

மலைக்கு ஏற்ற மாசம் ஆவணிதான் என்று நான் பிள்ளையிடம் எடுத்துச் சொன்னேன். சாரல் முடிந்துவிடும், அடைமழை வந்திருக்காது, மலை பளிச்சென்று இருக்கும், வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன் என்றேன். பிள்ளை தாடையைத் தடவினார். மூக்குப்பொடி போட்டார். கடைசியில், "மாப்பிள்ளை சொன்னாச் சரிதான். ஆவணி முதல்ல போயிட்டு வந்து, ஆவணி கடைசியிலயே முகூர்த்தத்த வச்சுக்கிடுவோம்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்று பேர் வந்துவிட்டால் அவன் சொல்லுக்குப் பெண் வீட்டில் மறுசொல் கிடையாது. பந்தியில் முதல் இலை அவனுக்கு, வண்டியில் முதல் இடம் அவனுக்கு. அவன் பின்னால் வர, பெண்ணின் தகப்பனார் முன்னால் நடப்பது மரியாதை இல்லை. சமவெளியில் நல்ல பழக்கம்தான். மலையில் அது என்ன பாடு படுத்தும் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

பாபநாசம் வரை வண்டியில் போய், கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பிள்ளை, நான், அவர் வீட்டுச் சமையல்காரரான தவசிப்பிள்ளை, வழிகாட்ட அந்த மலையிலேயே குடியிருக்கும் ஒரு காணிக்காரர். பிள்ளை கையில் தாழங்குடை, மடியில் சந்தனக் கட்டியும் பொடி டப்பாவும். தவசிப்பிள்ளை தலையில் கமுகம்பாளையில், அதாவது பாக்குமட்டையில், பொதிந்த புளியோதரைக் கட்டு. நானோ ஜரிகைத் தலைப்பாகை, கோட்டு, கிறீச்சிடும் புதுச் சப்பாத்து என்று மாமனார் கண்ணுக்கு லட்சணமாக வந்திருந்தேன். மலை அன்று பளிச்சென்று இருந்தது. "பாத்தியளா?" என்று அதை நானே செய்து வைத்த மாதிரி காட்டினேன்.

காட்டுப் பாதை தொடங்கியதும் காணிக்காரர் முன்னால் போனார். பிள்ளை அவரை நிறுத்தி, "மாப்பிள்ளை முன்னால போகட்டும்" என்றார். அதற்கப்புறம் வழி தெரிந்தவர் பின்னால் இருந்து "இடது, இடது" என்று சொல்ல, வழி தெரியாத நான் முன்னால் நடந்தேன். ஓடையில் முதலில் இறங்கும் உரிமை எனக்கு. சிலந்தி வலையை முகத்தால் கிழிக்கும் உரிமையும் எனக்கே. தவசிப்பிள்ளை மட்டும் இந்த ஏற்பாட்டில் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

முதல் நாள் பாணதீர்த்தம் தாண்டி ஒரு பாறைக் குடைவில் தங்கினோம். மறுநாள் ஏற்றத்தில் அட்டை பிடித்தது. என் கணக்கில் அட்டைக்கு இடமே இல்லை. அம்பாசமுத்திரத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அட்டை தெரியாது. காலில் மூக்குப்பொடி தடவினால் விடும் என்றார் காணிக்காரர். பிள்ளை உடனே டப்பாவை என்னிடம் நீட்டினார். முதலில் மாப்பிள்ளைக்கு, மிச்சம் இருந்தால் தனக்கு என்றார். நான் பயத்தில் இரண்டு முழங்காலுக்கும் தாராளமாகப் பூசிக்கொண்டேன். மிச்சம் இல்லை. பொடி இல்லாத பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் மூக்கை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் மரியாதை குறையாமல், "அட்டை விட்டுட்டா மாப்ளே?" என்று விசாரித்தபடி, தன் காலில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டே வந்தார்.

மத்தியானம் நெருங்கும்போது காணிக்காரர் மூக்கை உயர்த்தி, மழை வருது என்றார். "மாப்பிள்ளை ஆவணியில மழை இல்லைன்னுட்டாங்க" என்றார் பிள்ளை. அத்தோடு பேச்சு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மேல் தண்ணீர் விழுந்தது. அவர் குடையை விரிக்காமல் என்னைப் பார்த்தார். இது மழை இல்லை, மேகம் உரசிக்கொண்டு போகிறது என்று நான் விளக்கினேன். அவர் தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, சரிதான் என்று தலையாட்டினார். பெண்ணைப் பெற்றவர் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். எனக்கும் பெண்கள் உண்டு.

புல் சரிவு ஒன்றில் ஏறி முகட்டை அடைந்தோம். அங்கேதான் என் பூகோளப் படிப்பு என்னை விட்டுப் போயிற்று. முகட்டுக்கு இந்தப் பக்கம் வெயில். அந்தப் பக்கம், மலையாளத்துப் பக்கம், வானமும் இல்லை பூமியும் இல்லை. கருமேகம் அடிவாரத்திலிருந்து எழுந்து வந்து எங்கள் முகத்தில் மோதிக்கொண்டிருந்தது. உச்சிப் பாறை அதற்குள் எங்கேயோ இருந்தது. அத்தனை வருஷமும் மலையின் கிழக்கு முகத்தை மட்டும் பார்த்துவிட்டு மலையையே பார்த்ததாக நினைத்திருக்கிறேன். மலைக்கு ஒரு அந்தப் பக்கம் இருக்கும் என்பது பூகோள வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை.

மேகம் விலகும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். (அப்போதும் வாய் ஓயவில்லை.) புளியோதரையை அவிழ்த்துச் சாப்பிட்டோம். புல் நனைந்திருந்ததால் பிள்ளை உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். மாமனார் நிற்க நான் பார்த்திருக்கலாமா? காலியான பெரிய பாளை ஒன்றை எடுத்துச் சரிவின் ஓரத்தில் விரித்து, வழவழப்பான பக்கம் கீழே வரும்படி போட்டு, உட்காரச் சொன்னேன். சின்ன வயதில் ஆற்று மேட்டில் இதே கமுகம்பாளையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சறுக்கி விளையாடியவன்தான் நான். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பிள்ளை உட்கார்ந்தார். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். கெண்டைக்காலில் இருந்த அட்டையைப் பிடுங்கக் கொஞ்சம் முன்னால் குனிந்தார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

முதலில் பையத்தான் போனார். பின்னாலிருந்து மலையாளத்துக் காற்று குடைக்குள் புகுந்ததும் வேகம் எடுத்தது. சம்மணம் கலையாமல், குடை மடங்காமல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வீரவநல்லூர் மிராசுதார் பொதிகைச் சரிவில் வழுக்கிப் போனார். பாதி வழியில் பாளை ஒரு வட்டம் சுற்றியது; அவர் எங்களைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் போய், மறுபடி திரும்பிக்கொண்டார். தவசிப்பிள்ளை "முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்தப் படப் புத்தகம் ஞாபகம் வந்தது. உறைபனி தேவையில்லை என்று புரிந்தது.

நான் பின்னாலேயே ஓடினேன். புதுச் சப்பாத்து நாலாவது எட்டில் கைவிட்டது. மீதித் தூரத்தை நான் பாளை இல்லாமலே வழுக்கிக் கடந்தேன். கீழே ஒரு சேற்றுக் குழியில் பிள்ளை பத்திரமாக வந்து நின்று, அப்பாடா என்று எழுந்துகொண்டிருந்தார். நான் போய் இடித்து அவரை மறுபடி உட்கார வைத்தேன்.

அவர் முகத்துச் சேற்றை வழித்து எறிந்தார். மாப்பிள்ளை மரியாதையும் அதோடு போயிற்று.

"ஏலே," என்றார். "மலைக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு உண்டுன்னு ஒனக்குத் தெரியாதாலே?"

தெரியாது என்பதுதான் பதில்.

உச்சிக்குப் போக முடியாது, பாறையில் தண்ணீர் இறங்குகிறது என்று காணிக்காரர் சொன்னார். சந்தனக் கட்டி மடியிலேயே கரைந்திருந்தது. திரும்பி நடந்தோம். இந்தத் தடவை யாரும் என்னை முன்னால் விடவில்லை. வழி நெடுக பிள்ளை என் பக்கம் திரும்பாமல், காலிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தபடியே நடந்தார். சிவபெருமான் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் இந்த மலைக்கு வந்தவர் அகத்தியர். இந்த மலைக்கு வந்ததால் சொந்தக் கல்யாணமே கைநழுவிப் போகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்து நடந்தேன். உண்மையாகவே அழுகை வந்தது. மழையில் அது தெரியாததுதான் அந்த மழையால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

பாபநாசம் வந்ததும் பிள்ளை நேரே கடைக்குப் போய்ப் பொடி வாங்கினார். ஒரு சிட்டிகை இழுத்து, கண்ணில் நீர் வரத் தும்மினார். பிறகு என்னைப் பார்த்தார். "மாசியில மறுபடி போவோம் மாப்ளே. வைகாசியில கல்யாணம். அதுவரைக்கும் மலையப் பத்தி நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார்.

மாப்ளே என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஆற்றில் இறங்கிக் கூத்தாட வேண்டும் போல் இருந்தது.

மாசியில் போனோம். நான் கடைசியில் நடந்தேன். அட்டை இல்லை, மேகம் இல்லை. உச்சியில் பிள்ளை முனிவருக்குச் சந்தனம் சாத்தினார். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். கீழே மலையாளம் பச்சையாகக் கிடந்தது. "நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வைகாசியில் கல்யாணம். மணவறையில் கோமதி என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் எனக்குத் தெரிந்தது வலது கன்னம் மட்டும்தான். தாலியைக் கையில் எடுத்துக் கழுத்துக்கு அருகே கொண்டுபோனேன். கெட்டிமேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி அவள் முதல்முதலாக என்னிடம் பேசினாள்.

"அந்தப் பக்கம் பாத்தாச்சா?"

முதல் முடிச்சு நழுவியது. மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று ஊரே சிரித்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னால் அடுக்களையிலிருந்து அந்தக் கேள்விதான் வரும். இந்தக் கட்டுரையைப் போன வாரம் அவளிடம் படித்துக் காட்டி, எல்லாம் நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் தாளை வாங்கித் திருப்பி, எழுதாத பக்கத்தை எனக்குக் காட்டினாள்.