நூல் பிடித்த நல்லசாமி

இனிமேல் சும்மா உட்கார்ந்தே பிழைப்பது என்று நல்லசாமி முடிவு செய்தான். மீசை நரைக்கிற வயசில் ஒரு மனுசன் எடுக்கிற முடிவா இது என்று கேட்காதீர்கள். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில், அவனுக்கு ஒரு புல்சரிவு உண்டு. அதில் மனைவி சுசீலாவின் செம்மறியாடுகள் மேய்கின்றன. மேட்டுப்பாளையத்து வேலுமணி அந்தச் சரிவில் கூடாரம் போட்டு, சீசனுக்கு வருகிறவர்களைத் தங்கவைக்கிறேன், வாடகை தருகிறேன் என்றான். ஒரே நிபந்தனை, ஆடு இருக்கக்கூடாது. டவுன்காரர்களுக்குப் புழுக்கை ஆகாது. நல்லசாமி சரி என்றுவிட்டான். சுசீலாவிடம் சொல்லவில்லை. திட்டத்தில் முக்கால்வாசி அந்தச் சொல்லாததுதான்.

சுசீலா யார் என்று சொல்லிவிட வேண்டும். பங்குனி வெயில் ஏறியதும் ஆடுகளை ஒவ்வொன்றாக மடியில் சாய்த்துக் கத்தரியை ஓட்டுவாள். ரோமம் ஒரே போர்வையாகக் கழன்று வரும். ஆட்டுக்கு ஒரு கீறல் இருக்காது. அது எழுந்து, தன்னையே அடையாளம் தெரியாமல் நிற்கும். ரோமத்தை அலசி, வேலியில் காயப்போட்டு, சிக்கெடுத்து, ராட்டையில் நூற்று, தேயிலைத் தூளில் வேகவைத்துப் பழுப்பும் வெங்காயச் சருகில் மஞ்சளும் ஏற்றுவாள். நடுவில் ஆடு குட்டி போட்டால் பிரசவம் பார்ப்பாள். அதற்கும் நடுவில் நல்லசாமிக்கு டீ. அவள் பின்னின ஸ்வெட்டர் வாங்கினவர்கள் அடுத்த வருசமும் வந்து நிற்பார்கள். பழசு கிழிந்துவிட்டது என்று அல்ல, போட்டதைப் பார்த்துவிட்டு மச்சினன் கேட்கிறான் என்று.

இத்தனை வேலையில் நல்லசாமிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சிட்டம் பிடிப்பான். நூற்ற நூலைப் பெரிய வளையமாகச் சுற்றி வைத்தால் அதுதான் சிட்டம். ஒருவர் அதை இரண்டு கையிலும் மாட்டி விரித்துப் பிடிக்க, இன்னொருவர் இழுத்து உருண்டையாகச் சுற்ற வேண்டும். பாதியில் கையை எடுத்தால் குருவிக்கூடு. நல்லசாமி கையில் இதுவரை ஒரு சிட்டமும் சிக்கானதில்லை. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. தேவைக்கு மேலேயே உண்டு.

அன்றைக்குச் சாயங்காலம் வேலுமணி ரோட்டு வளைவில் வந்து நிற்பதாக ஏற்பாடு. சுசீலா கோத்தகிரிக்குக் கம்பளி கொண்டுபோகிற நாள் அது. அவளோ வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"கோத்தகிரி போகலியா?"

"நாளைக்குப் போய்க்கலாமுங்க. ஏனுங்க, தலைக்குச் சாயமெல்லாம் ஏத்தியிருக்கீங்க?"

"சும்மாதான்."

"நல்லா புடிச்சிருக்குதுங்க. வெங்காயச் சருகா?"

"மனுசன் ஒரு நாள் நல்லா இருக்கக்கூடாதா? வளைவு வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"போங்க. ஆரு வேண்டாம்னா? இந்த ஒரு சிட்டத்தப் புடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"பக்கத்து ஊட்டுத் தபித்தாளக் கூப்புடு."

"நேத்து அவங்கதான் புடிச்சாங்க. நல்லவங்கதான், ஆனா கை ஆடுது. உங்க கை மாதிரி வருமுங்களா?"

உங்க கை என்றதும் அந்தக் கை தானாக நீண்டது.

சுசீலா இழுத்துச் சுற்றினாள். கடைசிச் சுற்று வரும் நேரத்தில் இன்னொரு சிட்டத்தை அவன் கையில் நைசாக மாட்டிவிட்டு, இரண்டு நுனியையும் உள்ளங்கையில் எச்சில் தொட்டு உருட்டி ஒட்டிவிட்டாள். நல்லசாமி குனிந்து பார்த்தபோது கையில் பழுப்பு இல்லை. மஞ்சள்.

"இது எப்ப வந்துது?"

"அதே நூல்தானுங்க, கலரு மாறுது. கட்டை வெரல நிமுத்துங்க."

சட்டைப் பையில் போன் அடித்தது. நல்லசாமி போனைப் பார்த்தான். நூலைப் பார்த்தான்.

"அடிக்கட்டும் விடு. ராங் நம்பரா இருக்கும்."

"பாவம், ஆரோ." சுசீலா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, வளைவுல நிக்கறேன். ஊட்டம்மா கெளம்பிட்டாங்களா? ஆட்டை ஏத்த நாளைக்கு லாரி சொல்லிட்டேன்."

நல்லசாமி கட்டை விரலை இன்னும் நிமிர்த்தினான்.

"கெளம்பலீங்க," என்றாள் சுசீலா. "ஊட்டுக்கே வந்துருங்க. டீ கொதிக்குது."

போனை வைத்துவிட்டு நூலை இழுத்தாள். "லாரி எதுக்குங்க?"

கையை உதறிவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் சிட்டத்தில் பாதிக்கு மேல் பாக்கி. நல்லசாமி ஓடவில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். சுசீலா சிரித்தாள். கத்தியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

வேலுமணி வந்தான். டீ குடித்து முடித்ததும் அவன் கையிலும் ஒரு சிட்டம் ஏறியிருந்தது. எப்படி ஏறியது என்று அவனுக்கே தெரியாது.

"அக்கா, நான் கூடார விசயமா..."

"பேசுங்க தம்பி. கைய மட்டும் ஆட்டாதீங்க."

பிறந்து ஒரு வாரமான குட்டி ஒன்று வந்து அவன் மடியில் ஏறிப் படுத்தது. தள்ளிவிட அவனுக்குக் கை இல்லை. கொஞ்ச நேரம் முறைத்தான். அப்புறம் முறைப்பதை மறந்துவிட்டான்.

"அக்கா, இதை ஒரு போட்டோ எடுங்களேன். எம் பொண்ணு பாத்தா இங்கயே கூட்டிட்டு வரச் சொல்லுவா."

சுசீலா எடுத்துக் காட்டினாள். "கூடாரம் எல்லா வளைவுலயும்தான் இருக்குது தம்பி. ஆடு இருக்கற கூடாரம் எங்கிருக்குது?"

வேலுமணி போட்டோவைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். வேலியில் காய்கிற மஞ்சளையும் பழுப்பையும் பார்த்தான்.

"லாரிக்காரங்கிட்ட வேண்டாம்னு சொல்லணும். கைய எடுக்கலாங்களா?"

"சுத்தி முடியட்டுமுங்க."

நல்லசாமிக்கு உள்ளூர சந்தோசம்தான். ஆடு போகாவிட்டால் என்ன, கூடாரம் வருகிறதே.

"அப்ப நான் சும்மா உக்காந்திருந்தாப் போதும்?"

"ஆமாங்க. உங்களுக்கு உக்கார்ற வேலைதான்."

சித்திரையில் கூடாரம் வந்தது. கூட்டமும் வந்தது. சுசீலா கத்தரி ஓட்டுவதைப் பார்க்க வந்தவர்கள் வாயை மூட மறந்து நின்றார்கள். சரிவின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் நல்லசாமி, இரண்டு கையும் நீட்டி, கட்டை விரல் நிமிர்த்தி, சிட்டத்தோடு. ஆளுக்குக் கொஞ்சம் நூல் சுற்றிப் பார்க்க வரிசை நின்றது. குட்டியோடு ஒரு போட்டோ, நல்லசாமியோடு ஒரு போட்டோ.

மத்தியானத்துக்கு மேல் குட்டிகளுக்கு மட்டும் லீவு விட்டாள் சுசீலா.