மொட்டை மாடிப் பீப்பாயும் துர்நாற்ற விசாரணைக் கமிட்டியும்

கச்சிபௌலி,
மார்ச் மாதக் கடைசி, 2011

நாங்கள் தூங்கும் நேரமாகப் பார்த்து நியூ ஜெர்சியில் மீட்டிங் போடும் மருமகன் சிரஞ்சீவி தினேஷுக்கு, உன் ஒன்பதாம் மாடி வீட்டைக் காவல் காக்கும் மாமா ஜெயச்சந்திரன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான், உன் புஷ்பா அத்தை, உன் வாஷிங் மெஷின் மூவரும் சௌக்கியம். அவ்விடத்து சௌக்கியத்தை நீயும் சுபாஸ்ரீயும் தனித்தனியே எழுதவும். ஒருவர் சொல்வதை மற்றவர் ஒத்துக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஈமெயில் இருக்கக் காகிதம் எதற்கு என்பாய். ஈமெயிலில் வாசனை போகாது. இதில் போகும். ஆகவே மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படி.

நீங்கள் ஆன்சைட் கிளம்பிய அன்று, சுபாஸ்ரீ மொட்டை மாடித் தக்காளித் தொட்டிகளை என்னிடம் ஒப்படைத்து, "முதல் பழத்தை நான் வந்து என் கையாலதான் பறிக்கணும் மாமா. என்ன ஆனாலும் கெமிக்கல் மட்டும் அடிச்சுடாதீங்க" என்று கண்கலங்கினாள். உனக்காக அவள் கண்கலங்கி நான் பார்த்ததில்லை. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் யானை யானையாக இயந்திரங்களை மேய்த்து ரிட்டயர் ஆனவனுக்குத் தக்காளி ஒரு பொருட்டா என்று நானும் மார்தட்டிவிட்டேன். ஆனால் இந்த ஊர் வசந்த காலம் இருக்கிறதே, அதற்கும் உன் மேனேஜருக்கும் ஒரே ஜாதகம். காலையில் சொன்னது மத்தியானம் கிடையாது. மங்கி கேப்போடு தண்ணீர் ஊற்றப் போனால், ஊற்றி முடிப்பதற்குள் பனியனைக் கழற்றிப் பிழிய வேண்டியிருக்கிறது. இந்தக் குழப்பத்தில் ஒரு மாவுப்பூச்சி வந்து சேர்ந்தது. ஒன்றே ஒன்று. கச்சிபௌலியில் வேலை கிடைத்த பையன் மாதிரி அடுத்த வாரமே ஊரிலிருந்து நாலு ரூம்மேட்டை வரவழைத்தது. அதற்கடுத்த வாரம் கல்யாணம், குழந்தை குட்டி எல்லாம் ஆகி, ஹோம் லோன் மட்டும்தான் பாக்கி. செடியெல்லாம் தேங்காய் துருவிக் கொட்டியதுபோல் வெளுத்துப்போயிற்று.

கெமிக்கல் கூடாதாகையால் பஞ்சகவ்யம் தயாரிப்பதென்று முடிவெடுத்தேன். கோபன்பள்ளி மாட்டுக்கொட்டகையில் சாணமும் கோமியமும் வாங்கி, ஷேர் ஆட்டோவில், கழுத்தில் அட்டை தொங்கும் இன்ஜினியர்களுக்கு நடுவே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த சிக்னலிலேயே அத்தனை பேரும் நடந்து போவது உடம்புக்கு நல்லது என்று இறங்கிவிட்டார்கள். பால், தயிர், நெய், வாழைப்பழம், வெல்லம் எல்லாம் சேர்த்து, தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் ஒரு நீலப் பீப்பாயில் ஊறப்போட்டேன். அது புளிக்கத் தொடங்கியதும் ஒரு மணம் எழுந்தது பார், மேலே வட்டமிட்ட பருந்து பாதியில் மயங்கி ஏர்போர்ட் பக்கம் ஒதுங்கிற்று. "பருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தை வாந்தி எடுத்துச்சு, அவ்வளவுதான்" என்று அத்தை திருத்தச் சொல்கிறாள். திருத்த மாட்டேன்.

குடியிருப்பே கொதித்தெழுந்தது. ஒருவர் கேஸ் லீக் என்றார், ஒருவர் டிரெயினேஜ் என்றார். அசோசியேஷன் செயலாளர் உமாசங்கர், சிகந்தராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர், க்ளப் ஹவுஸில் கூட்டம் போட்டு மேஜையைக் குத்தினார். "முதல்ல ஜீடிமெட்லா ஃபாக்டரிப் பக்கத்துக் காத்துன்னு நெனச்சேன். நை சார், அது இல்ல, இது நம்ம பில்டிங் சரக்கு! யாராவது செடி வளர்க்கிற ஆள் வேலைன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இந்த மாடியில ஒரு தொட்டி இருக்கக் கூடாது!"

சுபாஸ்ரீயின் கலங்கிய கண்கள் என் முன் தோன்றின. எழுந்தேன். எல்லோரையும்விட உரக்கக் கத்தினேன். குற்றவாளி யாராயிருந்தாலும், ஏன், என் வயதுக்காரராகவே இருந்தாலும், இரக்கம் காட்டக்கூடாது என்றேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் ஆபீஸ் இருந்ததால், துர்நாற்ற விசாரணைக் கமிட்டிக்கு என்னையே தலைவராக்கிவிட்டார்கள். எனக்குத் துணை, நமக்கு நேர் கீழ்வீட்டு முகமது யூசுப். வாணியம்பாடிக்காரர், பால்கனியில் ரோஜா வளர்ப்பவர். அவர் ரோஜாவுக்கும் அதே மாவுப்பூச்சிதான்.

தரைத்தளத்திலிருந்து ஒவ்வொரு வீடாக முகர்ந்துகொண்டே ஏறினோம். அவசரமே படவில்லை, வீட்டுக்கு ஒரு காபி. ஆறாம் மாடியில் யூசுப் நின்றார்.

"சார், மேல போகப் போக நாத்தம் கூடுதே?"

"சூடான காத்து மேலதானே ஏறும், பாய். சயின்ஸ்."

"அப்ப உங்க சட்டையில வர்றது?"

"பொதுக் காரியத்துல இறங்கினா நாலு அழுக்கு மேல ஒட்டத்தான் செய்யும்."

மனிதர் சிரிக்கவில்லை. ஞாயிறு மாலை மொட்டை மாடியைச் சோதிப்பதென்று அவரும் உமாசங்கருமாக நாள் குறித்துவிட்டார்கள். அன்று மத்தியானம் பீப்பாயைக் காலி செய்ய மாடிக்கு ஓடினேன். ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு கரண்டி கலந்து ஊற்ற வேண்டும் என்பது விதி. கலக்க நேரமேது? மொண்டு மொண்டு அப்படியே தொட்டிகளில் ஊற்றினேன். பாதி தீர்வதற்குள் மாலையாகிவிட்டது.

இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு படியேறி, நான் மாடிக் கதவைத் திறக்கவும், வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டவும் சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் இளநீர் அளவு. அத்தை எட்டிப் பார்க்கிறாள். சரி, எலுமிச்சை அளவு. எங்கள் கண்ணெதிரே காற்றில் பீப்பாய் சாய்ந்தது, உருண்டது, நேராக உமாசங்கர் காலடியில் வந்து நின்றது. சரக்கெல்லாம் மழையோடு கலந்து மழைநீர்க் குழாயில் இறங்கிவிட்டது.

"க்யா ஹை யே? என்ன சார் இது!" என்று அலறினார்.

"சாட்சியம்," என்றேன். "யாரும் தொடாதீங்க."

அந்தக் குழாய் எட்டாம் மாடியில் உடைந்திருப்பதைச் சரிசெய்யச் சொல்லி அசோசியேஷனில் எத்தனையோ மனு கிடக்கிறது. சரிசெய்யவில்லை. ஆகவே எட்டிலிருந்து கீழே உள்ள பால்கனி ஒவ்வொன்றுக்கும் அன்று அபிஷேகம் நடந்தது; கடைசிச் சொட்டு உமாசங்கரின் புதுக் காருக்கு. என்னைத் தூக்கிலிடுவார்கள் என்றே நினைத்தேன். ஆனால் இரண்டே வாரத்தில் யூசுப்பின் ரோஜாவில் பூச்சி போய், துளிர் வந்து, பூவாய்ப் பூத்துத் தள்ளுகிறது! உமாசங்கர் வீட்டு வாடிய துளசிகூட நிமிர்ந்துவிட்டது. நேற்றுப் பொதுக்குழு கூடி, மாடியில் தொட்டி வைக்க நிரந்தர அனுமதி கொடுத்துத் தீர்மானம் போட்டது. பார்த்தாயா உன் மாமனின் சாமர்த்தியத்தை? தோட்டமும் தப்பியது, நம் வீட்டு மானமும் தப்பியது.

உன் விசா நீளட்டும், முன்நெற்றி அதற்குமேல் நீளாதிருக்கட்டும். சுபாஸ்ரீக்கு அத்தையின் ஆசிகள்.

இப்படிக்கு,
கமிட்டித் தலைவர்,
மாமா ஜெயச்சந்திரன்

பி.கு.: ஒரு சின்ன விஷயம். பீப்பாய் யாருடையது என்று உமாசங்கர் அன்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது, அமெரிக்கா போகும் அவசரத்தில் நீதான் விட்டுப் போனாய் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. ரோஜா பூத்ததும் அதுவே உனக்குப் பெருமையாகி, பில்டிங் முழுவதற்கும் பஞ்சகவ்யம் ஊறவைக்கும் பொறுப்பை ஏகமனதாக உனக்கே கொடுத்திருக்கிறார்கள். ஆயுள் பதவி. முன்மொழிந்தவன் நான். நாளைக் காலை நானும் அத்தையும் ராமச்சந்திராபுரம் திரும்புகிறோம், சாவி யூசுப்பிடம். சுபாஸ்ரீயிடம் பக்குவமாகச் சொல்: கலக்காமல் ஊற்றியதில் பாதிச் செடி கருகிற்று, மீதியை ஆலங்கட்டி முடித்தது. தொட்டி வைக்க அனுமதி வாங்கிவிட்டேன். வைக்கத்தான் செடி இல்லை.