கைகட்டிச் சேரும் கல்முனை பஸ்ஸும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையையும் சல்லடை போட்டுத் தேடினாலும், கைகட்டிச் சேர் என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியரைப்போல உதவி செய்யாத ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. உதவி செய்யாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நாவற்குடாவில் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான நிலையம் ஒன்றில் நான் தையல் சொல்லிக்கொடுத்தேன். சேர் சொல்லிக்கொடுத்தது சமைக்க, உடுப்புத் தோய்க்க, கடைக்குப் போய்வர. அதாவது, தனியாக வாழ. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: கேட்டால் மட்டும் உதவி. ஒருவர் சட்டைப் பொத்தானோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாலும் பார்த்துக்கொண்டே நிற்பார். தன் கை சும்மா இருக்காது என்ற பயத்தில், வகுப்புத் தொடங்கும்போதே இரண்டையும் பின்னால் வைத்து, சட்டைப்பையில் இருக்கும் லேஞ்சியால் கட்டிவிடும்படி பயிற்சிக்கு வந்தவர்களிடமே சொல்வார். முடிச்சுப் போடுவதும் பாடம்தான்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர், கட்டிய கைகளைக் கண்டு, சேரையும் பயிற்சிக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டார். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேர் கேட்டார். பிறகு பாசத்தோடு ஒரு பிஸ்கட்டை வாயில் ஊட்டியும் விட்டார். சேர் மறுக்காமல் மென்று விழுங்கினார். "இவங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம் வருதெண்டு இப்பதான் விளங்குது" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு சட்டம் இன்னும் கடுமையானது.

பயிற்சிக்கு வந்தவர்களில் செட்டிபாளையத்துக் கமலினிக்கு இருபத்திரண்டு வயது. எதையும் விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரமெடுக்கும், விளங்கியதை மறக்கமாட்டாள். டவுனில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருந்தது. அதற்கென்று புதுச் செருப்பும் வாங்கிவிட்டாள். ஆனால், தனியாக பஸ்ஸில் வீடு வந்து காட்டினால்தான் வேலைக்கு விடுவேன் என்று தாய் சொல்லிவிட்டார்.

அந்தப் பரீட்சை நாளில் சேர் எல்லோரையும் எச்சரித்தார். யாரும் பின்னால் போகக்கூடாது, கண்டக்டரிடம் சொல்லிவைக்கக்கூடாது, தாய் செட்டிபாளையம் பஸ் தரிப்பில் நின்றால் போதும். செட்டிபாளையம் தாண்டிப் போகும் கல்முனை பஸ்ஸில் கமலினி ஏறினாள். நாங்கள் போனையே பார்த்தபடி இருந்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் தாய் எடுத்தார்: மகள் சரியான இடத்தில் இறங்கிவிட்டாள், நாளைக்கே வேலைக்கு அனுப்புகிறாராம். சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று சேரைத் தேடினால் ஆளைக் காணவில்லை. பின்னேரம் அவரே போன் எடுத்தார்.

"மிஸ், நான் கல்முனையில நிக்கிறன்."

"அங்க என்னத்துக்கு, சேர்?"

"நித்திரையாப் போயிட்டன்."

மனம் கேட்காமல், ஹெல்மெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அதே பஸ்ஸின் பின் சீட்டில் ஏறியிருக்கிறார் மனிதர். முதல்நாள் இரவு முழுக்கக் கவலையில் கண் மூடவில்லையாம். பஸ் காற்றுப் பட்டதும் கண் சொருகிவிட்டது.

அடுத்த நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் கமலினி எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தாள். சேர் வழக்கம்போலக் கைகள் கட்டியபடி வகுப்பில் நின்றார். நேற்று அவரை பஸ்ஸில் கண்டாயா என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். ஹெல்மெட் போட்டா ஆளைத் தெரியாதா?"

"அப்ப எழுப்பியிருக்கலாமே, புள்ள."

"சேர் கேக்கல்லயே."

வகுப்பே சிரித்தது. சேரும் சிரிக்கத்தான் பார்த்தார். அதற்குள் கண் நிரம்பிவிட்டது. துடைக்க வழியில்லாமல் கைகள் பின்னால் கிடந்தன. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும். போய் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அவர் கேட்கவில்லை.