பிரதம மந்திரி டட்டிலும் பச்சை நாற்காலியும்

சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் என்று ஒன்று இருக்கும். அந்தக் காலனியில் காரணமில்லாத சட்டம் மருந்துக்குக்கூடக் கிடையாது. உதாரணத்துக்கு, மந்திரி பதவி ஏற்கிற மெம்பர் அந்த நொடியே தன் சட்டசபை இடத்தை இழந்துவிடுகிறார் என்று ஒரு சட்டம். காரணம், மந்திரிக்குச் சம்பளம் கொடுப்பவர் விக்டோரியா மகாராணி. மகாராணியிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்கியவன் ஓட்டுப் போட்ட ஜனங்களை மறந்துவிடக்கூடும். ஆகவே அவன் தொகுதிக்குத் திரும்பிப் போய், "எனக்கு இப்படி ஒரு வேலை கிடைத்திருக்கிறது, ஒத்துக்கொள்ளட்டுமா?" என்று மறுபடி தேர்தலில் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும். எவ்வளவு நியாயம் பாருங்கள். லண்டனில் உட்கார்ந்து இதை எழுதியவருக்குத் தொகுதி என்பது தெருமுனையில் இருக்கிற சமாச்சாரம். ஆஸ்திரேலியாவில் அது ஆறு நாள் கோச்சு வண்டிப் பயணம்.

ஆஸ்திரேலியாவில் அப்போது ஆறு காலனிகள். இது எந்தக் காலனி என்று சொன்னால் மற்ற ஐந்தும் கோபித்துக்கொள்ளும், எங்களை ஏன் விட்டாய் என்று. அதனால் சொல்வதற்கில்லை.

ஆம்ப்ரோஸ் டட்டில் அந்தக் காலனியில் அதற்குள் நான்கு முறை பிரதம மந்திரியாக இருந்தவர். சட்டசபையில் சபாநாயகருக்கு வலப்பக்கம் பிரதம மந்திரிக்கென்று பச்சைத் தோல் தைத்த நாற்காலி ஒன்று போட்டிருக்கும். நான்கு ஆட்சியிலும் சேர்த்து டட்டில் அதில் உட்கார்ந்த நேரம் பூஜ்யம்.

அவர் ஒன்றும் பதவிப் பைத்தியம் இல்லை. வாரபுல்லா என்கிற ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். ஊருக்கு முன்னால் ஆறு, அக்கரையில் டாக்டர், நடுவில் கயிறு கட்டி இழுக்கிற தெப்பம் ஒன்று. வெள்ளம் வந்தால் தெப்பம் ஓடாது. ஒரு மழைக்காலத்தில் டாக்டர் அக்கரையில் நின்றபடியே வாய் கிழியக் கத்தி வைத்தியம் சொல்ல, இக்கரையில் டட்டிலின் மனைவி செத்துப்போனாள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு அரசியலுக்கு வந்தவர். அவருக்கு வேண்டியது ஒரு பாலம். ஆனால் அரசாங்கப் பணம் செலவாகிற எந்த மசோதாவையும் பிரதம மந்திரி அந்தப் பச்சை நாற்காலியில் இருந்துதான் கொண்டுவர வேண்டும் என்று விதி. அதற்கும் ஏதோ காரணம் இருந்தது. அரைமணி நேரம் அதில் உட்கார்ந்தால் போதும், பாலத்தைக் கட்டிவிடலாம் என்பது டட்டிலின் கணக்கு.

அந்த அரைமணிதான் கிடைக்கவில்லை. கவர்னர் கூப்பிட்டுப் பதவிப் பிரமாணம் செய்துவைப்பார். டட்டில் அங்கிருந்தே வண்டியேறுவார். அவர் மூன்றாவது சத்திரத்தைத் தாண்டுவதற்குள் எதிர்க்கட்சித் தலைவர் சைலஸ் கோப் சபையில் எழுந்து, பிரதம மந்திரியைக் காணவில்லை, பொறுப்பில்லாத அரசாங்கம் என்று தீர்மானம் கொண்டுவந்து ஆட்சியைக் கவிழ்த்துவிடுவார். கோப்பின் தொகுதி சட்டசபைக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் மத்தியானம் நடந்து போய்த் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சாயங்கால டீக்குத் திரும்பி வருவார். மூன்று மாதத்தில் அவருடைய ஆட்களுக்கே அவரை அலுத்துப்போகும், மறுபடி டட்டிலைக் கூப்பிடுவார்கள். டட்டில் போகும்போது பிரதம மந்திரி, வரும்போது வெறும் டட்டில்.

இதில் வாரபுல்லாக்காரர்கள் செய்த உபகாரம் வேறு. எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் ஓட்டெடுப்பு இல்லை, வேட்பாளர் ஊருக்கு வரவே வேண்டாம், வேட்புமனு அன்றைக்கே ஜெயித்தாயிற்று என்று தந்தி அடித்துவிடலாம். ஆனால் ஓட்டெடுப்பு இல்லாவிட்டால் வேட்பாளர் செலவில் பீர் இல்லை, சுட்ட ஆட்டுக்கறி இல்லை, பத்து நாள் பாண்டு வாத்தியம் இல்லை. ஆகையால் ஜனநாயகம் தழைக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தில், ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பின்லே என்பவரை ஒவ்வொரு தடவையும் எதிர்த்து நிற்க வைத்தார்கள். பின்லே ஒவ்வொரு தடவையும் பிரமாதமாகத் தோற்றுக் கொடுத்தார்.

ஐந்தாவது தடவை கவர்னர் கூப்பிட்டபோது டட்டில் ஒரு யோசனையோடு போனார். சம்பளம் வாங்கினால்தானே இடம் போகும்? எனக்குச் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மசோதாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே சபைக்கு நடந்தார். பச்சை நாற்காலிக்கு இரண்டடி தூரம் இருக்கும்போது கோப் எழுந்தார்.

"சபாநாயகரே, அந்த நாற்காலி யாரோடது?"

"மகாராணியோடது."

"அதுல உக்காந்தா சுகமா இருக்குமா, இருக்காதா?"

சபாநாயகர் இதுவரை யாரும் எழுப்பாத கேள்வி என்று ஒப்புக்கொண்டார். கீழே இறங்கி வந்து நாற்காலியில் மூன்று நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். சுகமாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். மகாராணி கொடுக்கிற சுகம் ஆதாயம். ஆதாயம் என்பது சம்பளம். ஆகவே டட்டில் அதில் உட்கார்ந்தால் உட்கார்ந்த நொடியே இடம் காலி. அப்படியானால் இப்போது உட்கார்ந்து பார்த்த சபாநாயகரின் இடம் என்னாவது என்று யாரோ கேட்டார்கள். என் நாற்காலி இதைவிட மெத்தென்று இருக்கிறது, ஆகவே எனக்கு இது நஷ்டம்தான் என்று அவர் சொல்லிவிட்டார்.

டட்டில் கடையிலிருந்து தன் சொந்த முக்காலியைக் கொண்டுவரச் செய்து அதில் உட்கார்ந்தார். சொந்த மையில் எழுதினார். டீயைத் தங்கியிருந்த விடுதியிலிருந்து குப்பியில் கொண்டுவந்தார். குளிர்காலத்தில் அரசாங்கக் கணப்பின் வெதுவெதுப்பு மேலே பட்டுத் தொலைத்தால் அதுவும் ஆதாயமாகிவிடுமே என்று வாசலோரமாக நகர்ந்து உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார். முக்காலியில் இருந்து மசோதா கொண்டுவர முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் மெம்பராக இருக்க முடியாது. இப்படியே பதினாறு மாதம் ஓடிற்று. ஒன்றுமே செய்யாத அரசாங்கத்தைக் கவிழ்க்க யாருக்கு மனசு வரும்? காலனி கண்ட மிக நிலையான ஆட்சி என்று பத்திரிகைகள் எழுதின. மற்ற காலனிகளிலிருந்து பிரமுகர்கள் வந்து முக்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பெரிய வீடுகளில் நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு முக்காலி வாங்கிப் போட்டார்கள்.

அப்போதுதான் வாரபுல்லாவிலிருந்து தூதுக்குழு வந்தது. முன்னால் பிரிஜெட், ஊரில் பீர்க்கடை நடத்துகிறவள். பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்லே. தெப்பம் பாதியில் சாய்ந்து பாவாடை இடுப்புவரை நனைந்ததை ஆறு நாள் கழித்தும் அவள் மறக்கவில்லை. பாலம் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று டட்டில் நினைத்தார்.

"ஏன்யா ஆம்ப்ரோஸ், எங்கள மறந்தே போயிட்டீங்களா?"

"மறக்கலம்மா. பாலத்துக்குத்தான் வழி தேடிக்கிட்டிருக்கேன்."

"பாலம் கெடக்கட்டும். பதினாறு மாசமாச்சு, ஒரு தேர்தல் உண்டா? ஊரே காஞ்சு கெடக்கு."

"அப்ப பாலம் வேணாமா?"

"வேணாம்னு யாரு சொன்னா? பாலம் என்னிக்கோ வரப்போறது. தேர்தல் வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்துக்கிட்டிருந்துச்சே, அத நிறுத்திப்புட்டீங்களே."

பின்லே கண் கலங்கினார். "உங்களுக்காக நாலு தடவ தோத்திருக்கேன் ஐயா. அந்த விசுவாசம்கூட இல்லியா?"

அன்றைக்கு டட்டிலுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஜனங்களுக்காகவா பதினாறு மாதம் வாசலோரம் தும்மிக்கொண்டு கிடந்தோம் என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மறுநாள் சபை கூடியதும் முக்காலியை எட்டி உதைத்துவிட்டு நேரே போய்ப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு பாலம் மசோதாவை மூச்சுவிடாமல் படித்து முடித்தார். திகைப்பில் யாருக்கும் ஆட்சேபம் சொல்லத் தோன்றவில்லை. ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு இருபது, எதிர்ப்பு இருபது. சபாநாயகர் பாலத்துக்கு ஓட்டுப் போட வாயைத் திறந்தபோது சைலஸ் கோப்புக்கு விதிப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த பக்கம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்த நொடியே டட்டில் மெம்பர் இல்லை. மெம்பர் இல்லாதவர் ஓட்டு ஓட்டு இல்லை. ஆகவே ஆதரவு பத்தொன்பது. தவிர, மெம்பர் இல்லாதவர் கொண்டுவந்தது மசோதாவே இல்லை. கொண்டுவரப்படாத மசோதா ஒரு ஓட்டில் தோற்றது என்று குமாஸ்தா குறிப்பெழுதினார்.

வாரபுல்லாவில் தோரணம் கட்டியிருந்தார்கள். தேர்தல் அதிகாரி மர்டாக் மேடையில் தயாராக இருந்தார். போஸ்ட்மாஸ்டரும் அவர்தான்; தேர்தல் அதிகாரிக்கு வந்த உத்தரவைப் போஸ்ட்மாஸ்டராக ஒப்படைத்து, தேர்தல் அதிகாரியாக வாங்கிக்கொண்டு, இரண்டு கையெழுத்தும் போட்டிருந்தார். டட்டில் மேடையேறி, தன் அரசியல் வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பாலம் வராது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நீங்க எதிராளி நிறுத்தாம என்னைத் திருப்பி அனுப்பியிருந்தா, இன்னிக்கு அது மேல நடந்து போயிருப்பீங்க. நீங்க குடிச்ச பீர்தான்யா உங்க பாலம். என் பெண்டாட்டி செத்தது உங்க எல்லாருக்கும் தெரியும். இனிமே சாகப்போறவங்களுக்கு நான் பொறுப்பில்ல."

கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது. பின்லேக்கு அந்த அமைதி தர்மசங்கடமாக இருந்தது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "நான் கட்டித் தர்றேன்" என்றார்.

ஊரே எழுந்து ஆரவாரம் செய்தது. பத்து நாள் கழித்து ஓட்டை எண்ணியபோது பின்லே ஜெயித்திருந்தார். டட்டிலுக்கு விழுந்தது அவருடைய ஓட்டு ஒன்றுதான். பின்லே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சத்தியமா நான் ஜெயிக்கணும்னு நிக்கல ஐயா."

மூன்றாம் நாள் கவர்னரிடமிருந்து தந்தி வந்தது. சபையில் சபாநாயகரையும் சேர்த்து எண்ணினால் இரண்டு பக்கமும் இருபது இருபதாக நின்று யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்கும் பகையில்லாத ஒரே மெம்பர் பின்லேதான், ஏனென்றால் அவரைச் சபையில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே அவர் பிரதம மந்திரி. பின்லே சம்பளம் உண்டா என்று தந்தியில் விசாரித்தார். உண்டு என்று பதில் வந்ததும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் இடம் போயிற்று. இடம் போனதால் வாரபுல்லாவில் மறுதேர்தல். பழைய தோரணத்தை இன்னும் அவிழ்த்திருக்கவில்லை.

மர்டாக் துணிக்கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எதிர்த்து நிற்க ஆள் இல்லை, ஆள் இல்லாவிட்டால் ஓட்டெடுப்பு நடத்த விதியில்லை, ஊர் தங்களை மிகவும் எதிர்பார்க்கிறது என்று பணிவாகத் தெரிவித்துக்கொண்டார். டட்டில் கையிலிருந்த அளவுகோலை மேஜைமேல் வைத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேடையிலிருந்து பார்த்தால் ஆறு தெரிந்தது. மேற்கே எங்கோ மழை பெய்து தண்ணீர் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் கையில் கோப்பையோடு அண்ணாந்து பார்த்தது. டட்டில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு பாலம்" என்றார். "ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கு."

அப்படி ஒரு கைதட்டல் அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. எதிர் மேடையில் பிரதம மந்திரி பின்லே கொஞ்சநேரம் யோசித்துவிட்டு மூன்று என்றார். ஜனங்கள் கோப்பையை நிரப்பிக்கொண்டு டட்டில் பக்கம் திரும்பி, நாலுக்காகக் காத்திருந்தார்கள்.